தைரியத்துக்கு அடையாளமா ஒரு காயம்... ஆனா அடிச்சது யாரு தெரியுமா?

[திரை கறுப்பு. இரும்புக் கம்பி உரசுற சத்தம் மட்டும்.]

தலையில ரத்தத்தோட ராத்திரி படைக்குத் திரும்பி வர்றான் ஒரு சிப்பாய். "குண்டு உரசிட்டுப் போயிருக்குப்பா"ன்னு கட்டுப் போட்டு, காபி குடுத்து, போர்வையும் போர்த்தி விடுறாங்க. ஆனா அந்தத் தலையில குண்டே படல! பயந்து ஓடின சொந்தப் படைக்காரன் ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால போட்ட போடு அது. அடி வாங்கினவன் மட்டும் என்ன, அவனும் ஓடினவன்தான்.

நாவல் பேரு 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்'. தைரியத்தோட சிவப்பு முத்திரை. அந்த முத்திரைதான் காயம்.

பின்னணியை மூச்சுவிடாம சொல்லிடுறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர், வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதினது. ஹென்றி ஃபிளெமிங்னு ஒரு பண்ணை வீட்டுப் பையன் வடக்குப் படையில சேர்றான். அவனோட 304வது நியூயார்க் ரெஜிமெண்ட் வெறும் கற்பனை. களத்தோட பேரு நாவல்ல வராது. ஆனா 1863 மே மாசம் வர்ஜீனியாவுல நடந்த சான்சலர்ஸ்வில் சண்டைதான் அது. புத்தகம் 1895ல வந்துச்சு. எழுதின ஸ்டீபன் கிரேன் பிறந்ததே 1871ல, போர் முடிஞ்சு 6 வருஷம் கழிச்சு! நிஜப் போரை அவர் கண்ணால பார்த்தது 1897ல, கிரேக்க-துருக்கிப் போருக்கு நிருபரா போனப்போ. வரலாறு முடிஞ்சுது, துப்பாக்கிக்கு வாங்க.

[திரையில்: ஸ்பிரிங்ஃபீல்டு 1861, முழு நீளப் படம்]

இந்தத் துப்பாக்கி புரியாம இந்த நாவல் புரியாதுங்கிறது என் கட்சி. எந்த மாடல்னு கிரேன் சொல்லல. வடக்குப் படையில அதிகமா இருந்தது இதுதான். கிட்டத்தட்ட 4 கிலோ எடை, 4 அடி 8 அங்குல நீளம். குழல் வாய் வழியா வெடிமருந்து கெட்டிக்கிற ரகம்.

ஒரு தடவை சுடணும்னா என்னென்ன செய்யணும்? கட்டையைத் தரையில ஊன்றி, குழல் வாயைத் தன் பக்கம் வெச்சுக்கணும். இடுப்புப் பெட்டியில, மருந்தும் குண்டும் சேர்த்துக் காகிதத்துல சுருட்டின 40 தோட்டா இருக்கும். ஒண்ணை எடுத்துக் காகித முனையைப் பல்லால கிழிக்கணும். முன்பல் இல்லாதவனைப் படையில சேர்க்கத் தயங்கினது இதுக்காகத்தான். கிழிச்சதும் மருந்தைக் குழலுக்குள்ள கொட்டி, ஈயக் குண்டை மேல வைக்கணும். குழலுக்கு அடியில செருகியிருக்கிற ராம்ராடை, அதாவது இடிச்சு இறுக்குற கம்பியை உருவி, குண்டு மருந்து மேல உட்கார்ற வரைக்கும் இடிக்கணும். கம்பியைத் திரும்ப அதே இடத்துல செருகணும். கடைசியா பின்னாடி நிப்பிள்ங்கிற சின்ன முனையில ஒரு செம்புக் கேப். தீபாவளிப் பொட்டுவெடியோட அண்ணன்னு வெச்சுக்கங்க. அது வெடிச்சாத்தான் உள்ள இருக்கிற மருந்து பத்தும்.

நல்லா பழகினவன் நிமிஷத்துக்கு 3 தடவை சுடுவான். அப்போ ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல 20 செகண்ட் கையில இருக்கிறது வெறும் கம்பு! படுத்துக்கிட்டு இதைச் செய்யுறதும் பெரும்பாடு. அதனால எதிரி சுடச் சுட நின்னுக்கிட்டேதான் கெட்டிக்கணும்.

கை நடுங்கினா என்ன ஆகும்? அவசரத்துல கம்பியைக் குழலுக்குள்ளயே விட்டுட்டுச் சுட்டா, கம்பி எதிரியைப் பார்க்கப் பறந்துடும். அதோட உங்க போர் முடிஞ்சுது. கேப் வைக்க மறந்தா வெறும் 'டிக்'. சுத்தி நூறு துப்பாக்கி வெடிக்கிறப்போ தன்னுது வெடிக்கலைன்னே தெரியாது. அடுத்த குண்டை அது மேலயே இடிப்பான். அதுக்கு மேல இன்னொண்ணு. இதே உள்நாட்டுப் போர்ல நடந்த கெட்டிஸ்பர்க் சண்டை முடிஞ்சு களத்துல பொறுக்கின துப்பாக்கிகள்ல ஆயிரக்கணக்கானது இப்படி ஒண்ணு மேல ஒண்ணா கெட்டிச்சுக் கிடந்துச்சு. இதுல கரி வேற படியும். சுடச்சுட குழல் அடைச்சு, குண்டு இறங்க அடம்பிடிக்கும். புகையில எதிர்ல யாருன்னே தெரியாது.

இப்போ 5வது அத்தியாயத்தைப் படிங்க. ஹென்றி தயாராகுறதுக்கு முன்னாடியே முதல் குண்டு போயிடுது. சூடான குழல்ல கம்பிங்க இடைவிடாம மோதுற சத்தம் வரிக்கு வரி கேக்கும். கிரேன் அங்க ஒரு உவமை போடுறார் பாருங்க: நிறைய பெட்டி செஞ்ச தச்சன், அவசர அவசரமா இன்னொரு பெட்டி செய்யுற மாதிரி! வீரமெல்லாம் ஒண்ணுமில்ல, கைக்கு வேலை இருக்கு, அவ்வளவுதான். போர்ல ஓடமாட்டேன்னு கணக்குப் போட்டு நிரூபிக்கப் பார்த்த பையன், கணக்கை மறந்தப்போதான் நிக்கிறான்.

எதிரி பின்வாங்குறான். கை சும்மா இருக்கு, மனசு யோசிக்க ஆரம்பிக்குது. எதிரி திரும்ப வந்ததும் பக்கத்துல ரெண்டு பேர் துப்பாக்கியைப் போட்டுட்டு ஓட, இவனும் ஓடுறான். அப்புறம் காட்டுக்குள்ள ஒரு அணில் மேல பைன் காயை வீசுறான். அது ஓடுது. "பார்த்தியா, இயற்கையே ஓடத்தான் சொல்லுது"ன்னு தனக்குத்தானே வக்கீலாகிடுறான். நம்ம ஊர்ல ஆயிரம் சாக்கு உண்டு, அணில் சாக்கு புதுசு!

அப்புறம்தான் அந்தக் கட்டை அடி. ராத்திரி நெருப்பு வெளிச்சத்துல காயத்தைப் பார்க்கிற கார்ப்ரல், குண்டு உரசினதுதான்னு சொல்லிட்டு, யாரோ தடியால அடிச்ச மாதிரி வீங்கியிருக்கேன்னும் சொல்றார். ஹென்றி வாயே திறக்கல.

இதுல ஒரு கொடுமை பாருங்க. நிஜ சான்சலர்ஸ்வில்ல, மே 2 ராத்திரி, தெற்குப் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனைச் சுட்டதும் சொந்தப் படைதான். இருட்டுல எதிரின்னு நினைச்சுட்டாங்க. இடது கையை எடுத்தும் பலனில்லாம மே 10ல இறந்தார்.

மறுநாள் ஹென்றி வெறியா சுடுறான். எதிரி போனப்புறமும் காலி இடத்தைப் பார்த்துச் சுட்டுட்டே இருக்கான். "சுட ஆளே இல்லையேடா"ன்னு பக்கத்துல இருக்கிறவன் கத்துறான். லெஃப்டினண்டோ உன்னை மாதிரி பத்தாயிரம் காட்டுப்பூனை இருந்தா ஒரு வாரத்துல போரையே முடிச்சுடுவேன்னு பூரிச்சுப் போறார்! நேத்து தச்சன், இன்னிக்குப் பூனை. கை செய்யுற வேலை அதேதான்.

[திரையில்: 1951, ஜான் ஹூஸ்டன்]

1951ல ஜான் ஹூஸ்டன் இயக்கத்துல படமாவும் வந்துச்சு. ஓடிப்போற ஹென்றியா நடிச்சது ஆடி மர்ஃபி, இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவோட உச்ச ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் வாங்கின நிஜ வீரர். ஸ்டுடியோ வெட்டி வெட்டி 69 நிமிஷமாக்கிடுச்சு.

நாவல்ல மொத்தம் 24 அத்தியாயம், எல்லாமே சின்னச் சின்னது. 5, 6, 12, 13, 17 அஞ்சையும் ஒரே மூச்சுல படிச்சுட்டு கமெண்ட்ல சொல்லுங்க: கார்ப்ரலுக்கு நிஜமாவே தெரியலையா, இல்ல தெரிஞ்சே விட்டுட்டாரா?