குறி தப்பிய குண்டும் பிறக்காத கைசரும்

[திரையில்: லண்டன், 1840 ஜூன் 10, மாலை]

பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து ஒரு திறந்த குதிரை வண்டி வெளியே வருகிறது. உள்ளே விக்டோரியா ராணி, வயது 21. பக்கத்தில் கணவர் ஆல்பர்ட். கல்யாணமாகி நாலு மாதம்தான். ராணி கர்ப்பமாக இருக்கிறார். சாலையோரம் நின்ற எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்டு என்ற 18 வயதுப் பையன் இரண்டு கைத்துப்பாக்கிகளால் அடுத்தடுத்துச் சுடுகிறான். இரண்டாவது வெடிக்கும்போது ராணி குனிந்துகொள்கிறார். ஒரு கீறல்கூட இல்லை. துப்பாக்கியில் குண்டு இருந்ததா என்பதையே கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை.

சரி, குண்டு இருந்து, அது பட்டும் இருந்தால்?

அடுத்த வாரிசு விக்டோரியாவின் சித்தப்பா எர்ன்ஸ்ட் அகஸ்ட். வயது 69. அவர் அப்போதே ஜெர்மனியில் ஹானோவர் நாட்டுக்கு ராஜா.

[திரையில்: ஹானோவர் வரைபடம்]

1714 முதல் பிரிட்டனுக்கும் ஹானோவருக்கும் ஒரே ராஜாதான். 1837-இல் அது முறிந்தது. பிரிட்டனில் பெண் ஆளலாம். ஹானோவரிலோ வம்சத்தில் ஓர் ஆண் மிச்சமிருக்கும்வரை பெண்ணுக்குக் கிரீடம் கிடையாது. அதனால் லண்டன் அண்ணன் மகளுக்கு, ஹானோவர் சித்தப்பாவுக்கு.

மனுஷர் பதவிக்கு வந்த வருஷமே 1833-ஆம் வருட அரசியல் சட்டத்தைத் தூக்கிப்போட்டார். எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட ஏழு கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு வேலை போனது. அதில் இரண்டு பேர் தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள். மூத்தவர் யாக்கோப், மூன்று நாளில் நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

இவரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சகித்துக்கொண்டிருக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு சகித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கிழவர், எத்தனை நாள் இருந்துவிடப் போகிறார்? நிஜத்தில் 1851-இல் இறந்தார். அடுத்து பார்வையிழந்த மகன் ஜார்ஜ்.

இங்கேதான் ஜெர்மனியின் வரைபடம் மாறுகிறது. பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் நாடான பிரஷ்யாவின் நிலம் கிழக்கில் ஒரு துண்டு, மேற்கே ரைன் கரையில் ஒரு துண்டு, நடுவில் ஹானோவர். 1866-இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரில் ஜார்ஜ் ஆஸ்திரியா பக்கம் நின்றார். ஜூன் 27 அன்று லாங்கன்சால்சாவில் அவருடைய படை ஜெயிக்கவும் செய்தது. இரண்டே நாளில் சரணடைந்தது. பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் நாட்டையே விழுங்கிவிட்டார்.

அதே ஜார்ஜ் பிரிட்டனுக்கும் ராஜாவாக இருந்திருந்தால்? லண்டன் படை அனுப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. 1863-இல் டென்மார்க்குக்கு ஆதரவாக வாய்கிழியப் பேசிய பிரதமர் பாமர்ஸ்டன், மறுவருஷம் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதன்மேல் போர் தொடுத்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் லண்டன் அமைச்சர்கள் தங்கள் ராஜாவை ஆஸ்திரியா பக்கம் சாய விட்டிருக்க மாட்டார்கள். ஹானோவர் நடுநிலை வகித்திருந்தால், அதை விழுங்க பிஸ்மார்க்குக்குச் சாக்கு கிடைத்திருக்காது. 1871-இல் ஜெர்மன் பேரரசை அமைக்கும்போது, பிரிட்டிஷ் ராஜாவைக் கைசருக்கு, அதாவது ஜெர்மன் பேரரசருக்குக் கீழே ஒரு குட்டி ராஜாவாக உட்கார வைக்க வேண்டியிருந்திருக்கும். எந்த பிரிட்டிஷ் பிரதமர் அதற்குத் தலையாட்டுவார்?

[திரையில்: விக்டோரியா, கையில் குழந்தை]

அப்புறம், அன்று ராணி வயிற்றில் இருந்த குழந்தை. 1840 நவம்பர் 21 அன்று பிறந்த இளவரசி விக்கி அவர்தான். 1858-இல் பிரஷ்ய இளவரசர் பிரெடரிக்கை மணந்தார். மறுவருஷம் பிறந்த மூத்த மகன்தான் பின்னாளில் கைசரான இரண்டாம் வில்ஹெல்ம்.

ஆக, குண்டு பட்டிருந்தால் பெர்லின் அரியணைக்கும் வாரிசு மாறியிருப்பார். பிரெடரிக் வேறு பெண்ணைக் கட்டியிருப்பார். அவளுக்குப் பிறக்கும் மகனுக்கு இங்கிலாந்தில் பாட்டி வீடு இல்லை. சின்ன வயதில் அங்கே பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பார்த்து ஏங்கியிருக்கவும் மாட்டான். பின்னாளில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த போர்க்கப்பல் கட்டும் போட்டியே நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மன் கடற்படையை வளர்த்த அட்மிரல் டிர்பிட்ஸ் தன் கடற்படைக்கு ஆதரவு தேடி இன்னும் நிறைய கதவுகளைத் தட்டியிருக்க வேண்டும்.