நல்ல வடிகட்டி, நல்ல பங்கு: தண்ணீர் நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

[காட்சி: மேசை மேல் ஒரு வெள்ளை உருளை. 40 அங்குல நீளம், 8 அங்குல விட்டம்.]

வணக்கம். மேசை மேல் கிடக்கிற இந்த உருளையைக் கொஞ்சம் கவனியுங்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பது இதைத்தான். பார்வைக்குச் சாதாரணக் குழாய்த் துண்டு. அறுத்துப் பிரித்தால், உள்ளே பாயைச் சுருட்டி வைத்தது போல மெல்லிய தாள்கள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 37 சதுர மீட்டர் வரும். அந்தத் தாளின் மேல் பாலிஅமைடு என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆன படலம் ஒன்று இருக்கிறது; மெம்பரேன் என்பது இதைத்தான். அதன் தடிமன் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குதான். தலைமுடியைவிட முந்நூறு மடங்குக்கு மேல் மெல்லியது. கடல் நீரை 55 முதல் 70 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இதன் மேல் தள்ளினால், தண்ணீர் ஊடுருவி அந்தப் பக்கம் போகும். உப்பில் 99 சதவீதத்துக்கும் மேல் இந்தப் பக்கமே நின்றுவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அதிசயமாகத்தான் இருக்கிறது. 1950களின் கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோயபும் சௌரிராஜனும் இதற்கு வழி திறந்தார்கள். 1965-ல் கோலிங்கா என்ற சிறிய ஊர் அந்த முறையில் குடிநீர் பெற்றது. இன்றைக்கு இந்த உருளையைச் செய்கிற, பொருத்துகிற, கழுவுகிற, மாற்றுகிற நிறுவனங்கள் பல நாட்டுப் பங்குச் சந்தைகளில் இருக்கின்றன. அவற்றின் பங்கைத்தான் நம்மைப் போன்றவர்கள் வாங்குகிறோம்.

[காட்சி: இரண்டு பேர் கைபேசித் திரையைப் பார்த்தபடி பேசுகிறார்கள்.]

அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"தண்ணி இல்லாம யாராவது வாழ முடியுமாங்க? இன்னும் பத்து வருஷத்துல இதோட தேவை எங்கேயோ போயிடும். இப்பவே வாங்கிப் போட்டுடணும்."

"சரிங்க, அந்த மெம்பரேனுக்குக் காசு குடுக்கிறது யாரு?"

"அரசாங்கம்தான். அவங்களுக்கு வேற வழியே இல்லையே."

முதல் ஆள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. தேவை உண்மை, தொழில்நுட்பமும் உண்மை. ஆனால் ஊருக்குத் தாகம் இருப்பதும், நிறுவனத்தின் கணக்கில் ரொக்கம் விழுவதும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் டெண்டர், ஒப்பந்தம், மின்கட்டணம், வங்கிக் கடன், பாக்கி என்று எத்தனையோ இருக்கின்றன. இதை எனக்குப் புரியவைத்தது சிங்கப்பூரில் நடந்த ஒரு கதை. அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

[காட்சி: கடலோர ஆலை ஒன்றின் வரைபடம். ஒரு பக்கம் நீர்ச் சுத்திகரிப்பு, மறுபக்கம் மின்நிலையம்.]

ஹைஃபிளக்ஸ். 1989-ல் ஒலிவியா லம் தொடங்கிய நிறுவனம். 2001-ல் சிங்கப்பூர் பங்குச் சந்தைக்கு வந்தது. தண்ணீருக்காக அண்டை நாட்டைச் சார்ந்திருந்த ஒரு தீவில், சொந்த மெம்பரேன் தொழில்நுட்பம் வைத்திருந்த உள்ளூர் நிறுவனம் என்றால் மக்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2011-ல் துவாஸ்பிரிங் என்ற பெரிய ஆலைக்கான ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. நாளொன்றுக்கு 3,18,500 கன மீட்டர் தண்ணீரை 25 ஆண்டுகளுக்குச் சிங்கப்பூர் அரசின் தண்ணீர் வாரியமான பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தர வேண்டும். முதல் ஆண்டுக்கு ஹைஃபிளக்ஸ் கேட்ட விலை, ஒரு கன மீட்டருக்கு 45 சிங்கப்பூர் காசு. போட்டியாளர்கள் கேட்டதைவிடக் குறைந்த விலை அது.

அவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது? ஆலையோடு சேர்த்து 411 மெகாவாட் மின்நிலையம் ஒன்றும் கட்டுவதாகத் திட்டம். ஆலைக்கு வேண்டிய மின்சாரம் போக மிச்சத்தைச் சந்தையில் விற்கலாம், அந்த லாபம் தண்ணீர் விலையைத் தாங்கும் என்று கணக்கு.

இங்கேதான் ஒரு பேனாவும் தாளும் எடுத்து உட்கார வேண்டும். ஒரு கன மீட்டர் கடல் நீரைச் சுத்திகரிக்கச் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். 3,18,500-ஐ 3.5-ஆல் பெருக்கினால், நாளுக்கு ஏறத்தாழ 11 லட்சம் யூனிட். 24 மணி நேரத்துக்கு வகுத்தால் சுமார் 46 மெகாவாட். மின்நிலையமோ 411 மெகாவாட்! அதாவது ஒன்பதில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு. மீதி எட்டுப் பங்கும் வெளியே விற்க வேண்டியது.

பங்கு வாங்கியவர்கள் தண்ணீர் நிறுவனத்தை வாங்கியதாக நினைத்தார்கள். கையில் இருந்ததோ பெரும்பாலும் மின்சார வியாபாரம். இதைக் கண்டுபிடிக்க ரகசிய ஆவணம் எதுவும் வேண்டாம். அந்த இரண்டு எண்களும் வெளிப்படையாகவே இருந்தன.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். சிங்கப்பூர் சந்தையில் மின்சாரம் தேவைக்கு மேல் குவிந்து, விலை சரிந்தது. 2017-ல் நிறுவனம் முழு ஆண்டு நட்டம் காட்டியது. 2018 மே மாதம், கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடிப் போனது.

[காட்சி: வரிசையில் நிற்கும் மனித உருவங்கள். முன்னால் வங்கி, கடைசியில் சாதாரணப் பங்குதாரர்.]

சிறு முதலீட்டாளர்கள் இதில் எங்கே நின்றார்கள் என்பதை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடிபட்டவர்கள் அவர்கள். 2011-ல் 6 சதவீத முன்னுரிமைப் பங்குகளையும், 2016-ல் 6 சதவீத நிரந்தரப் பத்திரங்களையும் (அசலைத் திருப்பித் தரக் கெடு இல்லாதவை) ஹைஃபிளக்ஸ் பொதுமக்களிடம் விற்றது. சுமார் 34,000 பேர், மொத்தம் 90 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போட்டிருந்தார்கள். பலருக்கு அது ஓய்வுக்காலச் சேமிப்பு. வட்டி போல ஆண்டுக்கு 6 சதவீதம், நாட்டுக்கே தண்ணீர் தருகிற நிறுவனம், இதைவிடப் பத்திரமான இடம் வேறென்ன என்று நம்பினார்கள்.

ஆனால் நிறுவனம் விழும்போது பணம் வரிசைப்படிதான் திரும்பும். ஆலையை அடமானமாக வாங்கிக் கடன் கொடுத்த வங்கி முதலில். அதன் பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். அவர்களுக்கும் பின்னால்தான் நிரந்தரப் பத்திரமும் முன்னுரிமைப் பங்கும். 'முன்னுரிமை' என்ற சொல் சாதாரணப் பங்குதாரரோடு ஒப்பிட்டுச் சொன்னது. வங்கியோடு ஒப்பிட்டு இல்லை. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காததால் எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மீட்புத் திட்டம் ஒன்று முறிந்தது. 2019 மே மாதம் பொதுப் பயனீட்டுக் கழகம் சுத்திகரிப்பு ஆலையை எடுத்துக்கொண்டது. கொடுத்த விலை பூஜ்யம். 2021-ல் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கை மாறிய பிறகும் ஆலை கடல் நீரைக் குடிநீராக்கிக்கொண்டுதான் இருந்தது. மெம்பரேனில் எந்தக் குறையும் இல்லை.

[காட்சி: மீண்டும் அந்த வெள்ளை உருளை.]

சரி, அப்படியானால் இந்தத் துறையில் யாரும் சம்பாதிக்கவே இல்லையா? சம்பாதிக்கிறார்கள். இந்த உருளைக்கே திரும்புவோம். நல்ல பராமரிப்பு இருந்தாலும் சில ஆண்டுகளில் இதை மாற்றியே ஆக வேண்டும். அழுக்கு படியும், நுண்ணுயிர்கள் படரும், குளோரின் பட்டால் படலம் அரித்துப்போகும். ஆலையை ஒரு முறைதான் கட்ட முடியும், உருளையைத் திரும்பத் திரும்ப விற்கலாம். ஆகவே ஒரு நிறுவனத்தின் வருமானத்தில் கட்டுமானம் எவ்வளவு, மாற்று உருளையும் ரசாயனமும் சேவையும் எவ்வளவு என்று நான் முதலில் பார்ப்பேன். கட்டுமானம் மட்டும் என்றால் அது ஒரு கான்ட்ராக்டர் கம்பெனி. ஒரு டெண்டர் தவறினால் அந்த வருடமே போச்சு.

அந்த உருளையும் எல்லோரிடமும் ஒரே அளவில்தான் கிடைக்கிறது. ஒருவருடையதைக் கழற்றிவிட்டு இன்னொருவருடையதைப் பொருத்தலாம். விலையைக் கூட்ட அவ்வளவு சுலபமாக முடியாது. "எங்களிடம் காப்புரிமை இருக்கிறதே" என்று நிறுவனம் சொல்லும். அதற்கும் ஒரு கதை உண்டு. இன்றைய பாலிஅமைடு மெம்பரேனுக்கு வித்திட்டவர் ஜான் கடாட். அந்தக் காப்புரிமை 1981-ல் ஃபில்ம்டெக் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 1985-ல் டவ் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனம் அதை வாங்கியது. போட்டியாளரான ஹைட்ரநாட்டிக்ஸ் மீது தொடர்ந்த வழக்கில், 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்ன தீர்ப்பு: கடாட் இதைக் கண்டுபிடித்தது அரசு ஒப்பந்த ஆராய்ச்சியில் வேலை பார்த்தபோது, ஆகவே உரிமை அமெரிக்க அரசாங்கத்துக்கே. காப்புரிமைச் சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் இருந்தும் பயனில்லை.

[காட்சி: நாட்காட்டித் தாள்கள் புரள்கின்றன.]

அடுத்து, புதிய சட்டம் வரும்போது கிளம்பும் பரபரப்பு. குடிநீரில் ஆர்செனிக் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமில் இருந்து 10-க்குக் குறைத்து 2001-ல் அமெரிக்கா விதி போட்டது. 2006 ஜனவரியில் அது கட்டாயமானது. அதே ஆண்டு மே மாதம், கிணற்று நீரில் ஆர்செனிக்கை நீக்கும் பேசின் வாட்டர் என்ற கலிபோர்னியா நிறுவனம் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் பங்கு வெளியிட்டது. சட்டம் பக்கபலம், சந்தை நாடு முழுக்க. 2009 ஜூலையில் அது திவால் மனு போட்டது. சட்டம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. சிறிய ஊர்களின் குடிநீர் வாரியங்கள் மெதுவாகத்தான் முடிவெடுக்கும், மெதுவாகத்தான் பணம் தரும். நிறுவனமோ மாதாமாதம் சம்பளம் போட வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் பிஃபாஸ் என்ற, எளிதில் சிதையாத ரசாயனங்கள். 2024 ஏப்ரலில் அவற்றில் இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று அமெரிக்கா வரம்பு வைத்தது, கெடு 2029. 2025 மே மாதம், கெடுவை 2031-க்குத் தள்ளப் போவதாக அறிவிப்பு வந்தது. பெரிய நிறுவனத்துக்கு இரண்டு வருடம் ஒரு பொருட்டில்லை. கையில் ஒன்பது மாதச் செலவுக்கு மட்டும் ரொக்கம் வைத்திருக்கிற சிறிய நிறுவனத்துக்கு அது வாழ்வா சாவா.

[காட்சி: ஒரு வட்டம், துண்டுகளாகப் பிரிந்துகொண்டே போகிறது.]

ரொக்கம் தீர்ந்தால் அது என்ன செய்யும்? புதுப் பங்கு வெளியிடும். நான் சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். சோதனை ஓட்டம் வெற்றி என்று செய்தி வரும், மகிழ்வேன். அடுத்த மாதம் குறைந்த விலையில் புதுப் பங்கு வரும். மூன்று முறை இது நடந்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நிறுவனத்தில் 10 கோடி பங்குகள், உங்களிடம் 1 லட்சம். உங்கள் உரிமை 0.1 சதவீதம். முதலில் 5 கோடி, அப்புறம் 10 கோடி புதுப் பங்கு வந்தால் மொத்தம் 25 கோடி. இப்போது உங்களுக்கு 0.04 சதவீதம். நிறுவனத்தின் மொத்த மதிப்பு இரண்டரை மடங்கானால்தான் உங்கள் பங்கின் விலை பழைய இடத்திலாவது நிற்கும். நீங்கள் எதையும் விற்கவில்லை, ஆனாலும் பாதிக்கு மேல் கை நழுவிவிட்டது. பங்கு நீர்த்துப்போவது என்று சொல்வது இதைத்தான்.

விலையிலும் ஒன்று இருக்கிறது. யு.எஸ். ஃபில்டர் என்ற தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தை 1999-ல் பிரான்சின் விவெண்டி சுமார் 620 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு துண்டு துண்டாக விற்றது. அதன் முக்கியப் பகுதியை 2004-ல் சீமென்ஸ் 99.3 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தத் தொழில் இன்னொரு கை மாறி, எவோக்வா என்ற பெயரில் 2017-ல் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஒரே நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விலை இழந்தது. 2023-ல் சைலம் என்ற இன்னொரு தண்ணீர்த் தொழில்நுட்ப நிறுவனம் அதைச் சுமார் 750 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. கிட்டத்தட்ட அதே தொழில்தான். எந்த வருடம், என்ன விலைக்கு உள்ளே வந்தார் என்பதைப் பொறுத்து ஒருவர் நொந்தார், ஒருவர் நிறைந்தார்.

[காட்சி: ஆண்டறிக்கையின் ஒரு பக்கம். ஒரு வரி மட்டும் வட்டமிடப்படுகிறது.]

கடைசியாக, ஒரு பக்கத்தை உங்களோடு சேர்ந்து படிக்கிறேன். இருப்புநிலைக் குறிப்பில் 'வரவேண்டிய பாக்கி' என்று ஒரு வரி இருக்கும். இது நான் உங்களுக்காக எழுதிய மாதிரிக் கணக்கு. போன வருடம் விற்பனை 100, பாக்கி 40. இந்த வருடம் விற்பனை 130, பாக்கி 85. செய்தியில் வருவது என்ன? "விற்பனை 30 சதவீதம் உயர்வு." பக்கத்தில் இருப்பது என்ன? விற்பனை 30 கூடியபோது பாக்கி 45 கூடியிருக்கிறது. பழைய பாக்கி 40, புது விற்பனை 130, கடைசியில் நிற்பது 85; அதாவது இந்த வருடம் கைக்கு வந்தது 85தான், விற்றதைவிட 45 குறைவு என்றுதான் இதைப் படிக்க வேண்டும். உடனே சந்தேகப்பட வேண்டாம். ஆலை கட்டும் தொழிலில் சோதனை முடியும்வரை ஒரு பகுதிப் பணத்தை வாடிக்கையாளர் பிடித்து வைப்பது வழக்கம். ஆனால் பின்குறிப்புகளுக்குப் போய், அந்தப் பாக்கி எத்தனை மாதம் பழையது, எத்தனை பேரிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

[காட்சி: அதே இரண்டு பேர். இப்போது மேசை மேல் ஆண்டறிக்கை.]

"ஏங்க, பாக்கியில பாதிக்கு மேல ஒரே வாடிக்கையாளர்கிட்ட நிக்குதே?"

"யாரு அது?"

"பேர் போடல. 14 மாசமா நிக்குதுன்னு மட்டும் இருக்கு."

"அப்ப வாங்குறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுடலாம். முதலீட்டாளர் தொடர்புக்குன்னு கடைசிப் பக்கத்துல முகவரி இருக்கும், பாருங்க."