வலப்பக்கம் சாயும் வால்

வணக்கம் நண்பர்களே. போன காணொளியில் நான் அசடு வழிந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நாயின் வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பெருமையாகக் காட்டினேன். எதிரே நின்று படம் பிடித்ததால் நாயின் வலப்பக்கம் எனக்கு இடப்பக்கமாகிவிட்டது! இன்று மறுபடி சரியாகச் சொல்கிறேன். வலம், இடம் எல்லாமே நாயின் கணக்கில்தான்.

2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 வளர்ப்பு நாய்களை ஒவ்வொன்றாக ஒரு பெரிய பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார்கள். பெட்டியில் ஒரு திறப்பு. வாலைப் படம் பிடிக்க ஒரு கேமரா. திறப்புக்கு எதிரே வளர்ப்பவர் வந்து நின்றதும் வால் வீசி ஆடியது, வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்தபடி. முகமறியாத மனிதருக்கும் வலம்தான், ஆனால் வீச்சு குறைவு. பூனைக்கு? அதுவும் வலம், பேருக்கு ஓர் அசைவு. அறிமுகமில்லாத, அடக்கியாளும் குணமுள்ள ஒரு நாயைக் காட்டியபோதுதான் வால் இடப்பக்கம் போனது.

காரணம் மூளையில் இருக்கிறது. வால் வலப்பக்கம் போவது இட மூளையின் வேலை. நெருங்கிப் போகத் தூண்டுவது அந்தப் பாதி. ஆபத்தைக் கண்டு பின்வாங்கச் செய்வதும், உடலின் மன அழுத்த எதிர்வினையை முடுக்கிவிடுவதும் பெரும்பாலும் வல மூளை. (இட மூளைக்காரர் கணக்குப் புலி, வல மூளைக்காரர் கவிஞர் என்று சுற்றிவரும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

2013-இல் அதே குழுவினர் 43 நாய்களுக்கு வேறு நாய்களின் வாலாட்டத்தைத் திரையில் காட்டினார்கள். இடப்பக்கம் ஆடும் வாலைப் பார்த்தவற்றின் இதயம் வேகமாகத் துடித்தது. பதற்றம் வெளிப்படையாகவே தெரிந்தது. அதற்காக, ஆட்டும் நாய் வேண்டுமென்றே சைகை காட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. தெருவில் பார்க்கும் நாயின் வாலை வைத்து நீங்களும் சோதிடம் சொல்லாதீர்கள். இந்தச் சாய்வைப் படப்பதிவில் அளந்துதான் கண்டுபிடித்தார்கள்.

மூளையின் இரு பாதிகளும் இப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில், எனக்கு நாயைவிடக் கோழிக்குஞ்சுதான் பெரிய வியப்பு. முட்டைக்குள் கடைசி நாட்களில் குஞ்சு தலையைத் திருப்பிச் சுருண்டிருக்கும். இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும். வலக்கண் முட்டை ஓட்டின் பக்கம் பார்த்தபடி இருக்கும். ஓட்டின் வழியாகக் கசியும் வெளிச்சம் அந்த ஒரு கண்ணுக்குத்தான் கிடைக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ரோஜர்ஸ், இருட்டிலேயே பொரித்த குஞ்சுகளையும் வெளிச்சம் பட்டுப் பொரித்த குஞ்சுகளையும் ஒப்பிட்டார். தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே தானியம். தலைக்கு மேலே பருந்து போன்ற உருவம் நகர்கிறது. வெளிச்சம் பட்ட குஞ்சுகள் மேலேயும் கண் வைத்துக்கொண்டு கல்லை விட்டுத் தானியத்தைக் கொத்தின. இருட்டுக் குஞ்சுகளோ தடுமாறின. நேரம் போகப் போகக் கல்லைக் கொத்துவது கூடியது.

இத்தனைக்கும் நாள் முழுக்க விளக்கெரிய வேண்டியதில்லை, சில மணி நேர வெளிச்சமே போதும். அடைக்கோழி இரை தின்ன எழுந்து போகிறதே, அந்த இடைவெளிகளில் முட்டைமேல் வெளிச்சம் விழுந்துவிடுகிறது.

அடுத்த காணொளியில் குதிரையின் இடக்கண்ணைப் பார்ப்போம். கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்று இந்த முறை முன்னதாகவே குறித்துவைத்துவிட்டேன்.