உத்திரக் குழி

நேயர்களுக்கு வணக்கம்.

கோட்டை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "உள்ளே என்ன இருக்கு?" என்பதுதான். நான் இன்று பேசப்போகும் கோட்டைகளில் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் கிடையாது. கூரை போய்விட்டது, தளம் போய்விட்டது, சில இடங்களில் சுவரும் போய்விட்டது. மிச்சம் இருப்பது பாறையும் அதில் வெட்டிய குழிகளும். எனக்கு அந்தக் குழிகளே போதும்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஃபால்ஸ் காடு என்று ஒரு பெருங்காடு இருக்கிறது. ஏறக்குறைய 1,770 சதுர கிலோமீட்டர். பிரான்ஸ் எல்லையைத் தாண்டினால் அதே காடு வடக்கு வோஜ் மலைகளாகத் தொடர்கிறது. 1998-இல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே உயிர்க்கோளக் காப்பகம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. மலைகள் உயரமில்லை, ஐந்நூறு, அறுநூறு மீட்டர்தான். ஆனால் பல மலைகளின் உச்சியில், மரங்களுக்கு மேலே, செந்நிற மணற்பாறை சுவர்போல நீண்டு நிற்கும். இடைக்காலத்துப் பிரபுக்கள் அந்தப் பாறைகளைப் பார்த்தார்கள். பாதிக் கோட்டை ஏற்கெனவே கட்டி முடிந்தாயிற்று என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் முதலில் போனது, எல்லாரும் போகும் டிரிஃபெல்ஸ் கோட்டைக்கு. அன்வைலர் ஊரில் ரயிலை விட்டு இறங்கி, கஷ்கொட்டை மரங்களுக்கு நடுவே ஏறினால் சுமார் 494 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய வரலாறு. சிலுவைப் போரிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னா பக்கத்தில் பிடித்தார்கள். அவனைப் புனித ரோமானியப் பேரரசன் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். 1193 வசந்தத்தில் சில வாரங்கள் அவன் இருந்த சிறை இந்த டிரிஃபெல்ஸ். பேசி முடித்த மீட்புத்தொகை 150,000 மார்க்கு வெள்ளி. மார்க்கு என்பது அக்காலத்து எடை அளவு. அதில் 100,000 மார்க்கு என்பதே இன்றைய நிறையில் ஏறக்குறைய 23 டன்! அந்தப் பணத்தைக் கொண்டு ஹென்றி சிசிலிமேல் படையெடுத்தான். பேரரசின் மணிமுடியும் செங்கோலும்கூட ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தன. இப்போது வைத்திருப்பவை நகல்கள்.

எல்லாம் சரி. ஆனால் மேலே போய்ப் பார்த்தால், நம் கண்ணில் நிறைவது 1938-இல் தொடங்கிய கட்டடம். நாஜி ஆட்சிக் காலத்தில், பழைய பேரரசின் பெருமை தங்களுடையது என்று காட்டிக்கொள்ளத் திரும்ப எழுப்பினார்கள். உள்ளே இருக்கும் பேரரசர் மண்டபம் தென் இத்தாலியக் கோட்டைகளைப் பார்த்துப் போட்ட கற்பனை. அசல் கோட்டையில் அப்படி ஒரு மண்டபம் இருந்ததற்கு ஆதாரமில்லை. பிரதான கோபுரத்தில் பழைய கல் இருக்கிறது, அதன் கிழக்குச் சுவரில் சிறு கோயிலின் மாடம் புடைத்து நிற்பது அழகுதான். மற்றபடி, கலியாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி ஓர் உணர்வு எனக்கு.

அதற்கு அடுத்த ஆண்டு அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். டான் என்ற சிற்றூருக்கு மேலே இருக்கும் இடிபாடுகளுக்கு அவரை அழைத்துப் போனேன். ஆல்ட்டான், கிராஃபன்டான், டான்ஸ்டைன் என்று மூன்று கோட்டைகள், ஏறக்குறைய 200 மீட்டர் நீளமுள்ள ஒரே பாறை முகட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பாறையில் இருந்த ஒரு சதுரக் குழிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை உள்ளே போனது.

"தம்பி, இது உத்திரம் உட்கார்ந்த குழி. அதோ, எதிர்ப் பாறையில இதே மட்டத்துல இன்னொண்ணு. மேல பாரு, அடுத்த வரிசை. அதுக்கு மேல இன்னொரு வரிசை."

நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை எனக்கு வெறும் பாறையாகத் தெரிந்தது, மூன்று மாடி வீடாக மாறியது. குழிக்குக் குழி மரத்தைப் போட்டுப் பலகை பரப்பினால் தளம். சாய்வாக நீளும் வெட்டு, கூரை வந்து பொருந்திய கோடு. பாறையில் குழாய்போல இறங்கும் பள்ளம், மழைநீர் தொட்டிக்குப் போன வழி. மலை உச்சியில் ஊற்று ஏது? கூரையில் விழுந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். சுவரில் உள்ள பெரிய கற்களின் நடுவே, விரல் நுழையும் அளவுக்குச் சிறு பள்ளம். கல்லுக்கு ஒன்று. பாரந்தூக்கியின் இரும்பு இடுக்கி பிடித்துத் தூக்கிய இடம் அது. கோட்டைக் கட்டுமானத்தை ஆராய்கிறவர்கள், ஒரு சுவர் ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று கணிக்க இந்தப் பள்ளத்தையும் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அந்த ஆராய்ச்சி தெரியாது. "பூசி மறைக்காம விட்டுட்டாங்க பாரு" என்று கொஞ்சம் குறையாகவே சொன்னார்.

அன்றிலிருந்து நான் முழுக் கோட்டைகளைவிட இடிந்தவற்றையே தேடிப் போகிறேன். விதிவிலக்கு ஒன்று உண்டு: பெர்வார்ட்ஸ்டைன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுப்பித்த கோட்டைதான். ஆனால் அங்கே பாறையைக் குடைந்து நூறு மீட்டருக்கு மேல் இறங்கும் கிணறு இருக்கிறது. அது உளியும் சுத்தியலும் மட்டும் செய்த வேலை. கிணற்றின் கம்பி மூடிமேல் குனிந்தால் முகத்தில் குளிர் அடிக்கும். இந்தக் கோட்டையை 1480-இல் பெற்றவர் ஹான்ஸ் ஃபான் டிரோட்டா. பக்கத்து வைசன்பூர்க் மடத்தோடு அவருக்கு ஓயாத சொத்துத் தகராறு. லவுட்டர் ஆற்றை மறித்து அணை போட்டு, கீழே இருந்த ஊரைத் தண்ணீர் இல்லாமல் தவிக்கவிட்டார். மடத்தலைவர் முறையிட்டதும், அணையை ஒரேயடியாக உடைத்து அதே ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் அவர் பெயர் ஹான்ஸ் டிராப் என்று மருவி, கிறிஸ்துமஸ் நேரத்தில் குறும்புப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டியாகிவிட்டது.

மற்ற கோட்டைகள் ஏன் இடிந்தன? 1525-இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து பலவற்றைக் கொளுத்தினார்கள். லிண்டல்புருன் அப்படிப் போனதுதான். மிச்சத்தில் பலவற்றைப் பதினேழாம் நூற்றாண்டுப் போர்கள் முடித்துவைத்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், கப்பல்போல ஒடுங்கி நிற்கும் பாறைமேல் இருந்த ஃபிளெக்கன்ஸ்டைனை 1680-இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. அங்கே பாறைக்கு உள்ளேயே படிக்கட்டு ஏறுகிறது. கையில் டார்ச் இருந்தால் உளித் தடத்தைப் பக்கத்தில் பார்க்கலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பாதைக் குறிகளை மரத்தில் வண்ணப் பட்டையாகத் தீட்டியிருப்பார்கள். உங்கள் நிறம் எது என்று புறப்படும்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் நிறம் மாறிப்போய், வேறொரு பள்ளத்தாக்கில் இறங்கி நின்றேன். வசந்தத்தில் வல்லூறுகள் கூடுகட்டும் பாறைகளில் ஏறத் தடை இருக்கும். அப்புறம் சாப்பாடு. 1902-இல் தொடங்கிய ஃபால்ஸ் வனச் சங்கத்தின் குடில்கள் காடு முழுக்க இருக்கின்றன. பலவற்றை உறுப்பினர்களே முறைபோட்டு நடத்துகிறார்கள். இறைச்சி சாப்பிடாதவர்கள் வெள்ளைத் தயிர்க்கட்டியும் ரொட்டியும் கேளுங்கள். மேலே பச்சை வெங்காயம் தூவி வரும். தயிர்சாதத்துக்கு ஏங்கும் நாக்கு கொஞ்சம் அடங்கும். சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நோத்வைலர் ஊரிலிருந்து வேகல்ன்புர்க்குக்கு ஏறுங்கள். 572 மீட்டர், ஃபால்ஸின் கோட்டை இடிபாடுகளிலேயே உயரத்தில் இருப்பது அது. அங்கிருந்து தெற்கே நடந்தால், வழியில் முழங்கால் உயரத்துக்குப் பழைய எல்லைக் கற்கள் வரும். அதைத் தாண்டினால் பிரான்ஸ். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஓயன்பூர், லோவன்ஸ்டைன், ஃபிளெக்கன்ஸ்டைன் என்று அதே நடையில் இன்னும் மூன்று.

வேகல்ன்புர்க்கின் மேல்தளத்தில் ஏறியதும் எல்லாரும் கைபேசியை எடுத்துக் காட்டைப் படம் பிடிப்பார்கள். நீங்களும் பிடியுங்கள். பிடித்து முடித்ததும் காலடியில் பாருங்கள். நான் போன மாதம் பார்த்தபோது அங்கே ஒரு உத்திரக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு சிட்டுக்குருவி குளித்துக்கொண்டிருந்தது.

வணக்கம்.