கடைசி ஆளோடு வருபவர்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் மில் அண்ணன் போய்விட்டார் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஆக்சிடென்ட்டா?" என்பதுதான். இல்லை. முதலியார்பேட்டையில் தன் வீட்டில், தூக்கத்தில் போனார். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவருக்குச் சாவு ரோட்டில்தான் என்று நாமே முடிவு கட்டியிருக்கிறோம். கடலூர் ரோட்டில் ராத்திரி பஸ்கள் வருகிற வேகத்தைப் பார்த்தால் கேட்டவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மில் வேலைக் காலத்தில் ஷிப்ட்டுக்கு சைக்கிளில் போனவர், ஓய்வுக்குப் பிறகு 'பிரெவே' என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தின் பக்கம் வந்தார். பிரெவே பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 600 என்றால் 40 மணி நேரம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் ஓட்டம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதிலும் 90 மணி நேரத்துக்குள் வந்தால் போதும்.

வழியில் பின்னால் கார் வரக்கூடாது என்பது விதி. பஞ்சர் ஆனால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூட ஓட்டுகிறவர் கைகொடுக்கலாம். அண்ணன் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றே கடைசி ஆளோடுதான் வருவார். "மணிக்குப் பதினஞ்சு போனா போதும் தம்பி, டீ குடிக்கிற நேரத்தையும் அதுல சேத்துக்க" என்பார். காலைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட எத்தனையோ பேர் அந்தக் கணக்கை நம்பித்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

வழியில் நாம் வந்துபோனதைப் பதிகிற இடத்துக்குக் கன்ட்ரோல் என்று பெயர். அங்கே முத்திரை போட ஆள் இல்லாவிட்டால், நேரம் அச்சான ஏடிஎம் சீட்டுதான் அத்தாட்சி. ஒருமுறை சிதம்பரத்தில், நள்ளிரவில், மெஷினில் பேப்பர் தீர்ந்திருந்தது. கூட வந்த பையன் அழாத குறை. அண்ணன் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போய், அங்கே நின்ற யாரோ ஒருவருடைய பைக்குக்கு ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போடச் சொல்லி, நேரம் அச்சான பில்லை வாங்கிப் பையன் கையில் கொடுத்தார். பைக்காரர் கடைசிவரை ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வடலூர் வழியாகப் போனால் தருமச்சாலையில் சாப்பிடாமல் விடமாட்டார். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்றும் அணையவில்லை. பையில் ஜெல்லும் புரோட்டீன் பாரும் அடுக்கிவரும் இளைஞர்களைப் பந்தியில் உட்காரவைத்து, "இத மொதல்ல சாப்பிடு, அப்புறம் அந்தப் பசையத் தின்னலாம்" என்பார். எனக்கென்னவோ அவர் சொன்னது மருத்துவப்படியும் சரி என்றுதான் படுகிறது. சோற்றுக்குப் பிறகு கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அடுத்த 200க்குக் கடைசியில் வர இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே வேகக்காரர்கள். குறிஞ்சிப்பாடி வரையாவது பொறுமையாக வருகிறார்களா பார்ப்போம்.

நன்றி, வணக்கம்.