ஹைட்ரஜனுக்கு ஒரு போக்கிடம்

வணக்கம். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் அடுப்படியில் நின்றபடியோ கார் ஓட்டியபடியோ கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொருளிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றுவது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பள்ளியில் எங்கள் வேதியியல் ஆசிரியர் ஒரு செம்புக் கம்பியைச் சுருட்டி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கம்பி கருகருவென்று கறுத்துவிட்டது. அந்தச் சூட்டோடு, கொஞ்சமாகச் சாராயம் ஊற்றி வைத்திருந்த கிண்ணத்துக்குள் இறக்கினார். சுர்ரென்று சத்தம். வெளியே எடுத்தால், புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது! கூடவே மூக்கைத் துளைக்கிற ஒரு வாடை, அழுகத் தொடங்கிய ஆப்பிள் வாடை மாதிரி. மறுபடி தீயில் காட்டினால் கறுப்பு, சாராயத்தில் விட்டால் சிவப்பு. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மணி அடிக்கும்வரை கெஞ்சிக்கொண்டே இருந்தோம். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள், சாராயம் சட்டென்று தீப்பிடிக்கும்.)

நடந்தது இதுதான். செம்பின் மேலிருந்த கறுப்பு, காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் செம்போடு சேர்ந்ததால் உண்டானது. சாராயத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் இரண்டு ஹைட்ரஜன் கழன்று, அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிப் போய்விட்டது. இரண்டே இரண்டுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நின்றதுதான் அந்த வாடை, அசிட்டால்டிஹைடு. ஆல்டிஹைடு என்ற பெயரே 'ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால்' என்பதன் லத்தீன் சொற்களைச் சுருக்கி, லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வைத்தது. ஹைட்ரஜன் சும்மா கழலாது, அதற்கு ஒரு போக்கிடம் வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இதே வேலையை நம் கல்லீரலும் செய்கிறது, தீயே இல்லாமல். சனிக்கிழமை ராத்திரி ஒருவர் கேன் ஸ்பிரிட், அதாவது கரும்புச் சாராயம் குடித்தால், கல்லீரலில் ஒரு நொதி அந்த இரண்டு ஹைட்ரஜனையும் கழற்றும். அங்கே போக்கிடம் என்ஏடி என்ற மூலக்கூறு. வேர்க்கடலையில் இருக்கிறதே நியாசின், அந்த வைட்டமினிலிருந்து உடம்பு அதைச் செய்துகொள்கிறது. கழற்றிய பின் நிற்பது அதே அசிட்டால்டிஹைடு, முகம் சிவப்பதிலும் வயிற்றைப் புரட்டுவதிலும் அதற்குப் பெரிய பங்குண்டு. அண்ணன் தம்பிகளே, கள்ளச் சரக்கில் மெத்தனால் கலந்திருந்தால் அதே நொதி அதிலிருந்தும் ஹைட்ரஜனைக் கழற்றும், ஆனால் இந்தத் தடவை ஃபார்மால்டிஹைடு வரும், அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும், கண்ணே போய்விடும். மருத்துவமனையில் அந்த நொதியை முடக்கத்தான் மருந்து கொடுப்பார்கள், அதனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

சரி, ஆக்சிஜனும் இல்லை, நொதியும் இல்லை என்றால்? அதற்குத்தான் பிளாட்டினம். உலகத்திலேயே அதை அதிகமாகத் தோண்டி எடுப்பது நம் தென்னாப்பிரிக்காவில், ரஸ்டன்பர்க் பக்கம். நம் காஸ் சிலிண்டரில் இருக்கிற புரொப்பேனைச் சுமார் 600 டிகிரி சூட்டில் பிளாட்டினத்தின் மேல் ஓடவிட்டால், கழன்ற இரண்டு ஹைட்ரஜனும் ஒன்றுக்கொன்று போக்கிடமாகி, வாயுவாகவே பிரிந்துபோய் புரொப்பிலீன் நிற்கும். தண்ணீர் பிடிக்கிற வாளியும் கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியும் அதிலிருந்து வருபவைதான். பாத்திரத்து அடியில் கரி பிடிக்கிற மாதிரி பிளாட்டினத்தின் மேலும் கரி பிடிக்கும், அதை அவ்வப்போது எரித்து எடுக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஹைட்ரஜனை டொலுயீன் என்ற திரவத்தில் ஏற்றி, கப்பலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பிளாட்டினத்தால் கழற்றிக்கொள்கிறார்கள். புருனேயிலிருந்து ஜப்பானுக்கு 2020-இல் அப்படிக் கொண்டுபோனார்கள். வெறும் டொலுயீன், அடுத்த சுமைக்காகத் திரும்பிவிடும். வணக்கம்.