கரகோஷமும் கைச்சாத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பத்திரிகைகளின் பைண்டு தொகுதிகளைப் புரட்டுவது என் நெடுநாள் வழக்கம். தூசு தும்மலை வரவழைக்கும், தாள் அப்பளமாய் நொறுங்கும். ஆனாலும் விட முடிவதில்லை. ஒரு கோடை முழுவதும் 'கை' என்ற ஓரெழுத்துச் சொல்லின் பின்னாலேயே போனேன்.

முதலில் கண்ணில் பட்டது பொதுக்கூட்டச் செய்தி. 1920களிலும் 1930களிலும் தலைவர்களின் பேச்சைப் பத்தி பத்தியாக அச்சிட்டார்கள். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்றும் 'கரகோஷம்' என்றும் போட்டிருக்கும். ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் கூட்டத்தின் ஓசை நமக்கு எஞ்சியிருப்பது அந்த அடைப்புக்குறிக்குள்தான். மைதானத்தில் தட்டியது கை. அச்சில் ஏறியதோ வடமொழிக் கரம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி மெல்ல மெல்லப் பத்திரிகை அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது. அதன் பிறகுதான் 'கையொலி', 'கைதட்டல்' எல்லாம் தலைகாட்டின.

அடுத்து, என்னை ஏமாற்றிய ஒரு சொல். 1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார். 'கைது' என்பதில் கை இருக்கிறதே, கையைப் பிடித்து அழைத்துப் போவதால் வந்த பெயர் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அகராதி என் கையைத் தட்டிவிட்டது. கட்டு, சிறை என்று பொருள்படும் 'கைத்' என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து, நம் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு கைதாகிவிட்டது. கைதியும் அதன் உறவுதான். போலிக் கை என்று தெரிந்த பிறகும், காவலரின் பிடி கண்ணில் படாமல் அந்தச் சொல்லைப் படிக்க என்னால் முடியவில்லை.

உண்மையான கைகளுக்கும் குறைவில்லை. உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை வரலாறு 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நூலை அச்சிடும் முன்பே அதை வாங்கிக்கொள்ள இசைந்தவர்களிடம் கையொப்பம் பெறுவது அவர் காலத்து வழக்கம். இன்று சந்தா என்கிறோம், பணம் முன்னே நிற்கிறது. அன்றைய பேச்சில் முன்னே நின்றது கை.

இலங்கைப் பத்திரிகைகளுக்கு வந்தால் கையின் போக்கே வேறு. இங்கே இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்; அங்கே கைச்சாத்திடும். இங்கே தலைவர்கள் கைகுலுக்குவார்கள். அங்கே கைலாகு கொடுப்பார்கள். பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லும் மரியாதைக்குத்தான் முன்பு கைலாகு என்று பெயர். குலுக்கலைவிட அதில் நயம் கூடுதல் என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம், காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தால் சுவையானது. பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ஆகவே தலைக்குத் தும்பிக்கை உண்டு, கைக்குக் கிடையாது! 1935இலேயே பெரியார் தம் குடி அரசில் அதை நறுக்கிவிட்டார். தமிழ்நாட்டு அரசின் ஆணை வர 1978 ஆயிற்று. அதே ஆண்டுதான் இந்திரா காந்தியின் காங்கிரசுக்குக் கைச் சின்னமும் வந்தது. அதற்குப் பிந்திய இதழ்களில் 'கை' என்று தேடினால் பாதிக்கு மேல் தேர்தல் செய்திதான். நானும் அந்த வரிசைக்கு வந்ததும் தொகுதியை மூடிவிட்டேன்.

இந்த ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு அப்பால் ஒரே ஒருவர் இருக்கிறார். அவருடைய இரண்டு கைகளும் விசைகளின் மேல் இருக்கின்றன. ஆகவே இந்த உரையில் அடைப்புக்குறிக்கு இடமில்லை. வணக்கம்.